கொசுவுக்குக் காய்ச்சல் வருமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். பயாலஜிக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு முடிந்துபோனது. தவளைப் படம் வரைந்து பாகம் குறித்ததில் இரண்டு மார்க் போனது இன்னும் வலிக்கிறது. அப்படிப்பட்டவன் கொசுவின் குடலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு என் தம்பிதான் காரணம்.

போன வருஷம் எனக்கு செமஸ்டர் பரீட்சை நெருங்கிய நேரம். ஏழாவது படிக்கும் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் பல் தந்தியடிக்கிற மாதிரி நடுக்கம், மூன்று போர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து கேரம் போர்டைத் தேடினான். அதற்கடுத்த நாள் மறுபடி மூன்று போர்வை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா, வைவாக்ஸ் வகை என்று வந்தது.

"மயிலாப்பூர்ல மலேரியாவா?" என்று என் கல்லூரி நண்பர்கள் ஆச்சரியப்பட்டார்கள். பாட்டி ஆச்சரியப்படவில்லை. அவருக்குத் தெரிந்த சென்னையில் ஒவ்வொரு தெருவிலும் வருஷத்துக்கு இரண்டு வீட்டில் 'குளிர் காய்ச்சல்' உண்டு. தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கு பல வருஷங்களாக சென்னையிலிருந்துதான் வந்திருக்கிறது. இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறதே தவிர, அந்தப் பழைய கணக்கு முழுசாக முடியவில்லை.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாயைத் திட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம் காய்ச்சல் இறங்கி, வியர்த்துக் கொட்டி, களைத்துப்போய்ப் படுத்திருந்தவன் திடீரென்று கேட்டான். "அண்ணா, என்னைக் கடிச்ச கொசுவுக்கும் இந்தக் காய்ச்சல் வந்திருக்குமா?"

"போடா, தூங்கு" என்று சொல்லிவிட்டு காஸ்ட் அக்கவுண்டன்சி புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை. நியாயமான கேள்விதானே? அதே கிருமி அதன் உடம்புக்குள்ளும் இருந்தது. அதற்கு மட்டும் ஒன்றும் ஆகாதா?

அந்தக் கேள்வி அதோடு போயிருக்கும். உடம்பு சரியானதும் அவனுக்குக் கொடுத்த வாக்குப்படி கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பித்த பண்ணை, 1972-லிருந்து கிண்டியில் இருக்கிறது. நல்லபாம்பு, விரியன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முதலைத் தொட்டிப் பக்கம் வந்தோம். செத்ததுபோல் கிடந்த ஒரு முதலையின் கண்ணிமையில் ஒரு கொசு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. "அண்ணா, முதலையையுமா கடிக்கும்?" என்றான். இந்த முறை "போடா" சொல்ல மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடத்தேட, எங்கள் வீட்டுக் கட்டிலில் கேட்ட கேள்விக்கும் அந்த முதலைக் கண்ணிமைக்கும் நேரடி சம்பந்தம் இருப்பது புரிந்தது.

கடிக்கும். பாம்பு, பல்லி, உடும்பு, முதலை எல்லாவற்றையும் கடிக்கும் கொசுக்கள் உண்டு. அந்தப் பிராணிகளின் ரத்தத்திலும் மலேரியாக் கிருமி மாதிரியே சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் ஒட்டுண்ணிகள் உண்டு. அவற்றில் ஊர்வனவற்றிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது ஹெப்படோசூன் என்ற இனம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுவுக்குள் ஒரு சின்ன வாழைப்பழத்தைத் திணித்து வைத்ததுபோல் இருக்கிறது.

இதெல்லாம் எங்கோ அமேசான் காட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1904-லேயே கொழும்பில் கஸ்டெல்லானி, வில்லி என்ற இருவர் இலங்கைப் பிராணிகளின் ரத்த ஒட்டுண்ணிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாலூட்டிகள், ஊர்வன ஆகியவற்றின் ரத்தத்தில் இருக்கும் இந்த வகை ஒட்டுண்ணிகளைப் பற்றி 1908-ல் கட்டுரை எழுதிய டபிள்யூ.எஸ். பாட்டன், நம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தவர். அவரும் அங்கேயே இருந்த கிராக் என்பவரும் சேர்ந்து 1913-ல் மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரிய பாடப்புத்தகமே எழுதினார்கள். பாம்புப் பண்ணையும் கிண்டி, கிங் இன்ஸ்டிட்யூட்டும் கிண்டி. எத்தனை தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருப்பேன்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹெப்படோசூன் உள்ள ஒரு உடும்பை ஒரு கொசு கடிக்கிறது. ரத்தத்தோடு ஒட்டுண்ணியும் கொசுவின் வயிற்றுக்குப் போகிறது. அங்கே சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, குடல் சுவரைத் துளைத்து, அந்தப் பக்கம் உடம்புக்குழிக்குள் நுழைந்துவிடுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பெரிய உருண்டைகளாக வளர்கின்றன. கொசுவின் அளவுக்கு அவை ரொம்பப் பெரியவை. நம் வயிற்றுக்குள் பூசணிக்காய்கள் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி. சில வாரங்களில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் அடுத்த தலைமுறை தயார்.

இதுவரை கிட்டத்தட்ட மலேரியா கதைதான். பெரிய வித்தியாசம் இதற்கு அப்புறம். மலேரியாக் கிருமி அங்கிருந்து கிளம்பி எச்சில் சுரப்பிக்குப் போகும், அடுத்த கடியில் எச்சிலோடு வெளியே வரும். ஹெப்படோசூன் அப்படி வருவதில்லை. கொசுவின் வயிற்றுப் பக்கமே உட்கார்ந்து காத்திருக்கிறது. எதற்கு? கொசுவை யாராவது தின்பதற்கு!

பல்லியோ தவளையோ அந்தக் கொசுவை லபக்கென்று விழுங்கினால் ஒட்டுண்ணி ஊர் போய்ச் சேர்ந்தது. பாம்பு கொசு தின்னாதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கனடாவில் ஒரு நீர்ப்பாம்பின் ஹெப்படோசூனைப் பற்றி 1994-ல் வந்த ஆராய்ச்சி அதற்குப் பதில் சொல்கிறது. கொசுவைத் தவளை தின்கிறது, தவளையைப் பாம்பு தின்கிறது. ஒட்டுண்ணி தவளைக்குள் காத்திருந்து பாம்புக்குப் போகிறது. பிரேசிலில் கெய்மன் முதலையின் ஹெப்படோசூனும் கொசு, தவளை, முதலை என்று இதே வழியில் போவதை 2003-ல் காட்டினார்கள். பாம்புப் பண்ணைக் கண்ணிமை ஞாபகம் வருகிறதா?

இங்கேதான் என் காமர்ஸ் மூளை விழித்துக்கொண்டது.

ஓட்டலில் சாப்பாடு வீட்டுக்கு வர இரண்டு பொருள் வேண்டும். ஒன்று வண்டி. இன்னொன்று பார்சல் கட்டும் வாழையிலை. இரண்டுமே சாப்பாட்டைச் சுமக்கின்றன. ஆனால் வண்டி நாளைக்கும் ஓட வேண்டும், நாளை மறுநாளும் ஓட வேண்டும். அதனால் பெட்ரோல் போட்டு, பஞ்சர் ஒட்டி, தேய்மானம் எழுதி வைத்துக்கொள்கிறோம். இலைக்கு யார் தேய்மானம் எழுதுவார்கள்? வீடு வந்து சேரும்வரை கிழியாமல் இருந்தால் போதும். பிரித்ததும் அதன் வேலை முடிந்தது.

மலேரியாக் கிருமிக்குக் கொசு வண்டி. ஹெப்படோசூனுக்குக் கொசு இலை.

கொசுவுக்கு என்ன ஆகும் என்ற தம்பியின் கேள்விக்குப் பதிலின் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்திலேயே இருக்கிறது. ஒட்டுண்ணி மிகுந்த ரத்தத்தைக் குடித்த கொசுக்களுக்கு ஹெப்படோசூன் பெரிய ஆபத்து. கும்பலாகக் குடல் சுவரைத் துளைத்தால் கொசு தாங்காது, நிறைய செத்துப்போகும். பிழைத்தவையும் உடம்பு நிறைய அந்த உருண்டைகளைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். தவளை வாயில் அவை மாட்டிக்கொண்டால் ஒட்டுண்ணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அதுதான் டெலிவரி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதல் இரண்டு நாளிலேயே கொசு செத்தால் ஒட்டுண்ணிக்கும் நஷ்டம். இலை பாதி வழியில் கிழிந்து சாம்பார் ரோட்டில் கொட்டியது மாதிரி. ஆக, இலையையும் ஓரளவுக்குத்தான் கசக்கலாம்.

'தின்றால் தொற்றும்' என்ற இந்த வழியை மலேரியாவிலும் தேடியவர்கள் உண்டு என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் யானைக்கால் நோய்ப் புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தவர். கொசு ஒரே ஒரு தடவை ரத்தம் குடித்து, தண்ணீரில் முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடும் என்று அவர் நம்பினார். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு மலேரியா வரும் என்று ஊகித்தார். அவருடைய சிஷ்யர் மாதிரி இருந்தவர் ரொனால்ட் ராஸ். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தவர். 1895-ல் செகந்திராபாத்தில் ராஸ், கொசு செத்த தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்தே சோதித்துப் பார்த்தார். குடித்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்த வழி நிரூபணமாகவில்லை. 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா உருண்டைகளைப் பார்த்தார். அடுத்த வருஷம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்துக்கொண்டு தொடர்ந்து தேடியபோது கிருமி கொசுவின் எச்சில் சுரப்பியில் இருப்பது தெரிந்தது. வழி கடிதான், தண்ணீர் இல்லை என்று முடிவானது. 1902-ல் நோபல் பரிசு. மான்சன் சொன்ன 'விழுங்கும் வழி' மனிதனின் மலேரியாவுக்குத் தவறு. பல்லிக்கும் தவளைக்கும் வரும் ஹெப்படோசூனுக்கு அதுதான் ராஜபாட்டை. தப்பான விடை என்று நாம் அடித்துவிடுவது வேறொரு கேள்விக்குச் சரியான விடையாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். ராஸ் கல்கத்தாவில் பறவை மலேரியாவுக்குப் பயன்படுத்திய கொசு க்யூலெக்ஸ் இனம். இன்று அதன் முழுப்பெயர் க்யூலெக்ஸ் குவின்க்விஃபேசியாட்டஸ். (ஒரே மூச்சில் சொல்பவர்களுக்கு என் செலவில் ஃபில்டர் காபி.) 1962-ல் ஆஸ்திரேலியாவில் ஜோசஃபின் மக்கெராஸ் என்ற பெண் விஞ்ஞானி உடும்பின் ஹெப்படோசூனை வளர்த்துப் பார்த்ததும் இதே கொசுவில்தான். பிரேசில் முதலைக்கும் இதேதான். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரமெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு நம் காதோரம் வந்து வீணை வாசிப்பதும் சாட்சாத் இதேதான். தமிழ்நாட்டில் யானைக்கால் நோயைப் பரப்பியதும் இதுவே. மக்கெராஸின் தாத்தா ஜோசஃப் பேங்க்ராஃப்ட்தான் 1876-ல் யானைக்கால் நோயின் வளர்ந்த புழுவைக் கண்டுபிடித்தவர் என்பது உபரித் தகவல். அந்தக் குடும்பத்துக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

ஆக ஒரே கொசு, மூன்று பயணிகள். பறவை மலேரியா எச்சிலில் இறங்குகிறது. ஹெப்படோசூன் வயிற்றிலேயே இருந்து, கொசு விழுங்கப்படும்போது இறங்குகிறது. யானைக்கால் புழு கொசுவின் பறக்கும் தசைக்குள் புகுந்து பத்துப் பதினைந்து நாள் வளர்ந்து, மூக்குக்குழல் வழியாக இறங்குகிறது. இந்த மூன்றாவது பயணி வண்டியின் எஞ்சினிலேயே குடியிருப்பவர். ஓரிரண்டு புழு என்றால் கொசு சமாளிக்கும். நிறைய இருந்தால் பறக்க முடியாமல் செத்துப்போகும். செத்த கொசு யாரையும் கடிக்காது, புழுவும் அதோடு காலி.

மலேரியாக் கிருமி இந்த விஷயத்தில் கெட்டிக்காரக் குத்தகைதாரர். இதுவும் கொசுவின் குடலைத் துளைக்கத்தான் செய்கிறது. கொசுவின் உடம்பும் சும்மா இருப்பதில்லை, தனக்குத் தெரிந்த எதிர்ப்பைக் காட்டுகிறது. நோய் தொற்றிய கொசு குறைவாக முட்டையிடுகிறது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வண்டியை ஓட வைக்கிறது, கூடுதலாகவே ஓட வைக்கிறது. கோழி மலேரியா தொற்றிய கொசுவின் எச்சிலில், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு பொருள் குறைந்துபோவதை 1984-ல் காட்டினார்கள். அது குறைந்தால் கொசுவுக்குச் சட்டென்று ரத்தம் கிடைக்காது, திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். 1998-ல் தான்சானியாவில் வீடுகளிலிருந்து பிடித்த கொசுக்களைச் சோதித்தார்கள். மலேரியா இல்லாத கொசுக்களில் 10 சதவீதம்தான் ஒரே ராத்திரியில் ஒன்றுக்கு மேற்பட்டவரைக் கடித்திருந்தன. எச்சிலில் மலேரியா உள்ளவற்றில் 22 சதவீதம்.

ஒரு ராத்திரி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

தம்பியின் ரிப்போர்ட் வந்த மறுநாள் மாநகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் டார்ச், தோளில் பை. "தொட்டி எங்க இருக்கு தம்பி?" என்றார். "கால்வாய்தாங்க காரணம், அங்கதான் கொசு" என்று நான் ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்லாமல் மொட்டைமாடிக்கு ஏறினார். சிமெண்ட் தொட்டியின் மூடி பாதி விலகிக் கிடந்தது. டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க. சாக்கடைக் கொசுவோட புழு தலைகீழா சாய்ஞ்சு தொங்கும். இது தண்ணி மேல படுத்த மாதிரி மிதக்குது பாருங்க. இதுதான் மலேரியாக் கொசு. இதுக்குச் சாக்கடை ஆகாது, நல்ல தண்ணிதான் வேணும்."

அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி. கிணறு, மேல்நிலைத் தொட்டி, மூடாத குடிநீர்த் தொட்டி, இவைதான் அதன் வீடு. நகரத்துக்கென்றே பிறந்த கொசு. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தலைகாட்டி, இப்போது அங்கே பல நாடுகளில் பரவி எல்லோரையும் கவலைப்பட வைக்கிறது.

அந்த மூடியைத் திறந்தது நான்தான். தண்ணீர் ஏறியதா என்று பார்க்கப் போனவன், போன் வந்ததும் பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அப்பா "மூடியை மூடினியா?" என்று கேட்டபோது, பார்க்காமலே "ம்" என்றேன். அந்த "ம்"தான் பல வாரம் திறந்து கிடந்தது. தம்பியைக் கடித்த கொசு எங்கள் தொட்டியில்தான் பிறந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுத் தொட்டியாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொண்டு கால்வாயைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பி பதினான்கு நாள் மாத்திரை சாப்பிட்டான். காய்ச்சல் நின்ற பிறகும் எதற்கு என்று அவனுக்கு எரிச்சல். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் எழுந்து வரும், அதற்குத்தான் அந்தக் கோர்ஸை முழுக்க முடிக்கச் சொல்கிறார்கள். தினம் இரவு தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பதிமூன்றாம் நாள் ராத்திரி அவனிடம் மூடி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "நாளைக்குச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு மாத்திரையை முழுங்கினான். சொன்னேன். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இத்தனையும் படித்ததில் எனக்குத் தேறிய லாபம் ஒன்று உண்டு. ஹெப்படோசூனைப் பற்றி முதலில் படித்தபோது, 'ஆஹா, கிருமியே கொசுவைக் கொன்றுவிடும், நமக்கு வேலை மிச்சம்' என்று ஒரு நப்பாசை வந்தது. மலேரியாவில் அது நடக்காது, வண்டியை நம்பிப் பிழைப்பவன் வண்டியைக் கொளுத்த மாட்டான். ஆனால் அவனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கொசுவுக்குள் நுழைந்த மலேரியாக் கிருமி எச்சில் சுரப்பிக்கு வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். பெரும்பாலான கொசுக்கள் அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதே இல்லை. எதிராளியின் தொழில் முழுக்க அந்தச் சில நாட்களில்தான் தொங்குகிறது. அதேபோல முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைப் பார், தண்ணீரை மாற்று, மூடு என்று சொல்வது அதனால்தான். அதுவரை அதை நான் சுவரொட்டி வாசகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது சனிக்கிழமை காலை மொட்டைமாடி என் பொறுப்பு. தம்பியும் டார்ச்சோடு வருவான். போன வாரம் ஏறும்போது கேட்டான், "அண்ணா, கடைசியா சொல்லு, கொசுவுக்குக் காய்ச்சல் வருமா வராதா?"

"காய்ச்சல் வராதுடா. அது நம்ம மாதிரி உடம்பைச் சூடாக்கிக்கிற பிராணி இல்லை. ஆனா உடம்புக்கு முடியாமப் போகும். உள்ள இருக்கிறது யாரு, எந்த வழியா வெளிய போகப்போறாங்கன்றதைப் பொறுத்து."

"பாவம்" என்றான். சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் டார்ச் அடித்து நன்றாகப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து மூடியை மூடினோம்.